தகடு 43 என்றது, பல் 39 என்றது

போன வருஷம் ஐப்பசி மழையில், போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு ஏலத்தோட்டப் பாதையில் என் ஜீப்பை ஃபோர் வீலில் போட்டேன். லீவர் ஒழுங்காக விழுந்தது. வண்டி நகர்ந்து பத்தடி போயிருக்கும், முன்னால் யாரோ பம்பரைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு இறுக்கம். ஸ்டியரிங் கைக்குள் நிற்காமல் திமிறியது. சேறாக இருந்தவரை டயர் வழுக்கி வழுக்கிச் சமாளித்தது. மேட்டு முனையில் நாலு கெஜத்துக்குக் கருங்கல் பாவியிருந்தார்கள். அங்கே வழுக்க வழியில்லை. அடியிலிருந்து டங்கென்று ஒரு சத்தம். இஞ்சினை நிறுத்திவிட்டு லீவரை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், வரவில்லை. ரிவர்சில் ஓரடி நகர்த்திய பிறகுதான் தானாக விட்டது. மழையில் நனைந்துகொண்டே கீழே குனிந்து பார்த்தேன். எதுவும் உடைந்திருக்கவில்லை. இஞ்சின் சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொட்டபோது மட்டும் கை சுட்டது.

அந்தச் சூட்டுக்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. காரணம் ஒரு எண். அந்த எண்ணை நான் முதலிலேயே படித்திருந்தேன், நோட்டில் குறித்தும் வைத்திருந்தேன். படித்த எண் பொய்யில்லை. ஆனால் அது எதைப் பற்றிச் சொல்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஆக்சிலைத் துடைத்து, எண்ணைப் போட்டோ எடுத்து, "இது என்ன ஆக்சில்?" என்று கேட்கும்போதெல்லாம் இப்போது எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வண்டி மூக்கு உயர்ந்த சிஜே-3பி. வில்லிஸ்காரர்கள் 1953-ல் கொண்டுவந்த மாடல். புது இஞ்சின் உயரமாக இருந்ததால் பானெட்டைத் தூக்கிக் கட்டினார்கள், அந்த மூக்கு அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் 1968-லேயே நிறுத்திவிட்டார்கள். மஹிந்திராவின் கையில் நம் ஊரில் அது அதற்கப்புறமும் பல காலம் ஓடியது. தேனி, கம்பம், போடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வண்டியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நான் வாங்கியபோது முன்பக்கத்து புரொப்பல்லர் ஷாஃப்டை, அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்குச் சுற்றலைக் கொண்டுபோகும் தண்டை, கழற்றி வைத்திருந்தார்கள். அதன் முனை மூட்டில் இருக்கும் கிராஸ் தேய்ந்திருக்கும், அதனால் கழற்றியிருப்பார்கள் என்று நினைத்து, புது கிராஸ் போட்டு மாட்டச் சொன்னேன். இந்த வரியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்பீஸ் வைத்துப் படித்த எண்

வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் செய்த வேலை, வண்டிக்கு அடியில் படுத்ததுதான். பின் ஆக்சிலின் கூடான ஹவுசிங்கில் முப்பது நாற்பது வருஷத்துச் சேறும் கிரீஸும் சேர்ந்து தோல்போல் ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஊறவிட்டு, வயர் பிரஷால் தேய்த்தேன். பல்சக்கரங்கள் உட்கார்ந்திருக்கும் டிஃபரன்சியல் குடத்துக்குப் பக்கத்து விலாவில் வார்ப்பிலேயே எழும்பி நின்ற 44 தெரிந்தது. டானா 44. ஸ்பைசர் என்று இருந்த கம்பெனிதான் 1946-ல் டானா ஆனது. அதனால் பழைய ஆட்கள் இதையே ஸ்பைசர் என்பார்கள். பத்து போல்ட் கவர், எட்டரை அங்குல கிரவுன் வீல். முன்பக்கத்தில் அதைவிடச் சின்னக் குடம், அதில் 25. இரண்டு குடமும் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும், ஏனென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஷாஃப்டைக் கொடுப்பது அந்தப் பக்கம்தான்.

கவர் போல்ட் ஒன்றின் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சின்னத் தகடு தொங்கியது. எல்லா வண்டியிலும் இது மிஞ்சாது, யாராவது கவரைக் கழற்றும்போது தொலைந்துவிடும். இதில் மிஞ்சியிருந்தது. துரு ஏறி ஒன்றும் படிக்க முடியவில்லை. ஈர்க்குச்சியால் சுரண்டி, துடைத்து, சாக்பீஸைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தேன். குழிக்குள் வெள்ளை இறங்கியது. மேலே படிந்ததை விரலால் வழித்துவிட்டதும் இரண்டு எண் எழுந்து வந்தது: 43, கொஞ்சம் இடைவெளி விட்டு 8. சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 43 பல், ஷாஃப்டின் முனையிலிருந்து அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 8 பல். 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.375, பேச்சில் ஐந்து முப்பத்தெட்டு. கிரவுன் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் அத்தனை சுற்று சுற்றவேண்டும். வில்லிஸ் ஜீப்பை உழவுக்கும் தோட்டத்துக்கும் என்று விற்க ஆரம்பித்தபோது கொடுத்த விகிதம் அது. அதற்கு முன்னால் யுத்தத்தில் ஓடிய ஜீப்புகளுக்கு 39-க்கு 8, அதாவது 4.88. முன் ஹவுசிங்கிலும் தகடு இருந்தது, அதிலும் 43, 8. முன்னும் பின்னும் ஒத்துப்போகிறது. நோட்டில் எழுதி, கீழே கோடும் போட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சாதாரணமானதில்லை.

ஃபோர் வீல் ஜீப்பில் இந்த ஒத்துப்போவது ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரிப் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு எதுவும் கிடையாது. லீவரைப் போட்டதும் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அந்த வேகத்தைச் சக்கரத்துக்குக் குறைத்துக் கொடுப்பது கிரவுன் பினியன். முன்னால் ஒரு விகிதம், பின்னால் வேறு விகிதம் என்றால் முன் சக்கரம் ஒரு வேகத்தில் போக, பின் சக்கரம் இன்னொரு வேகத்தில் போகப் பார்க்கும். 4.10-ம் 4.09-ம் சேர்ந்தால் ஒன்றும் ஆகாது, அந்தச் சின்ன வித்தியாசத்தை டயரே வாங்கிக்கொள்ளும். அதற்கு மேலே போனால் எங்காவது ஒரு இடம் அடி வாங்கியே ஆகவேண்டும்.

என் நோட்டில்தான் இரண்டும் ஒன்று என்று எழுதியிருந்ததே. அதனால் ஆக்சிலை நான் சந்தேகப்படவே இல்லை. டயர் அளவு மாறியிருக்கும் என்று நான்கையும் ஒரே அளவில் மாற்றினேன், இறுக்கம் போகவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துப் பேரிங் மாற்றினோம், போகவில்லை. முன் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளைக் கழற்றிப் பார்த்தோம். சேற்றில் போட்டால் ஓடுகிறது, கெட்டி ரோட்டில் போட்டால் கட்டிக்கொள்கிறது. கெட்டி ரோட்டில் ஃபோர் வீல் போட்டால் எந்த ஜீப்பும் கட்டிக்கொள்ளும், அது சகஜம் என்று ஆறுதல் சொன்னவர்களும் இருந்தார்கள். உண்மைதான், திரும்பும்போது கட்டிக்கொள்ளும். ஆனால் நேராக, வளையாமல், பத்தடிக்குள்ளே ஒரு வண்டி கட்டிக்கொள்ளாது.

"பல்ல எண்ணுங்க தம்பி"

கடைசியில் ஒரு நண்பர் சொல்லி, ஜீப்பைத் தவிர வேறு வண்டியைத் தொடாத ஒரு பாயிடம் கொண்டுபோனேன். அறுபதைத் தாண்டிய மனுஷர். நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். தகட்டின் போட்டோவையும் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, தகடு எதுல தொங்குது?" என்றார்.

"கவர் போல்ட்டுல, பாய்."

"போல்ட்ட யாரு வேணாலும் கழட்டலாம்ல? மாட்டும்போது தகட்டையும் மறக்காம மாட்டிருப்பான். நல்ல வேலக்காரன்தான். உள்ள என்ன இருக்குன்னு தகட்டுக்கு எப்படித் தெரியும்? பல்ல எண்ணுங்க."

எண்ணுவதற்குக் கவரைத் திறக்க வேண்டியதில்லை. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தார். இதை அவர் எனக்கு அழுத்தியே சொன்னார்: இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் பிடிக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டையே பிடிக்கும். ஷாஃப்ட் சுற்றவேண்டும் என்றால் அதை விட்டாகவேண்டும், விட்டால் வண்டி கல்லின் மேல் மட்டும்தான் நிற்கிறது. கியரையும் டிரான்ஸ்ஃபரையும் நியூட்ரலில் போட்டு, பின்பக்கத்து ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். டயரின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு, ஷாஃப்ட் ஆக்சிலோடு சேரும் முனையான நுகத்தில் ஒரு கோடு. "நான் சக்கரத்தச் சுத்துறேன், நீங்க ஷாஃப்ட எண்ணுங்க."

ஒரு சுற்று முடிந்தது. நான் இரண்டரை வரை எண்ணியிருந்தேன், அதற்கும் கொஞ்சம் குறைவு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் இன்னொரு சுற்று சுற்றினார். அப்புறம்தான் விளங்கியது. ஒரு சக்கரம் தரையில் நின்று இன்னொன்று மட்டும் சுற்றினால், டிஃபரன்சியல் அதைப் பாதியாக்கித்தான் கிரவுனுக்குக் கொடுக்கும். சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று. இது தெரியாமல் ஒரே சுற்றில் எண்ணி, "என் ஜீப்பில் 2.44 விகிதம்" என்று குழம்பிப்போனவர்களை அப்புறம் நானே பார்த்திருக்கிறேன். இரண்டாவது சுற்று முடிந்து டயர்க் கோடு திரும்பக் கீழே வந்தபோது, ஷாஃப்டின் கோடு ஐந்தாவது சுற்றை முடிக்காமல் நின்றிருந்தது. முடிக்க அரைக்கால் சுற்று பாக்கி. நாலும் முக்கால் அரைக்காலும். 4.875.

முன்பக்கம் அதேபோல் எண்ணினோம். ஐந்தைத் தாண்டி, இன்னும் கால் சுற்றையும் தாண்டி, அதற்கு மேலே ஒரு அரைக்கால் போய் நின்றது. 5.375.

பாய் எதுவும் சொல்லவில்லை. சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டார். இந்த டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். முன் சக்கரம் அந்த 2.2 மீட்டரைப் போவதற்குள் பின் சக்கரம் நூற்றுக்குப் பத்து அதிகமாகப் போயாகவேண்டும், அதாவது இன்னும் 22 சென்டிமீட்டர். கையை விரித்துத் தரையில் வைத்துக் காட்டினார். ஒரு சாண். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சாண் தூரத்துக்குப் பின் சக்கரம் தள்ளுகிறது, முன் சக்கரம் பிடித்துக்கொள்கிறது. மலையில் கருங்கல் மேல் கேட்ட அந்தச் சத்தத்தையும், லீவர் வராததையும், கையைச் சுட்ட சூட்டையும் அந்த ஒரு சாணுக்குள் பார்த்தேன்.

எனக்கு வந்தது கோபம். யாரோ ஒருவன் 43-8 ஹவுசிங்கில் கண்ட கிரவுனைத் திணித்து, தகட்டை மட்டும் அப்படியே மாட்டி ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். "திறந்து பாத்துட்டுப் பேசுவோம்" என்றார் பாய்.

கவரைத் திறந்தபோது

தொண்ணூறு நம்பர் ஆயில் கறுப்பாக, அதற்கே உரிய அந்தக் கந்தக வாடையோடு தட்டில் இறங்கியது. கிரவுன் வீலின் ஓரத்தைப் பாய் துணியால் ஒற்றினார், தேய்க்கவில்லை. சக்கரத்தை விரலளவு விரலளவாகத் திருப்பிக்கொண்டே வந்தார். விளிம்பில், பல்லுக்குப் பின்பக்கம், 39, 8 என்று குத்தியிருந்தது. அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு எண், மூன்று இலக்கம். "இது விகிதமில்ல. இது ஜோடி நம்பர்" என்றார். அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பேரிங் மூடிகளில் எது இடம் எது வலம் என்று புள்ளி குத்தி வைத்துக்கொண்டு, கிரவுன் பூட்டியிருக்கும் கேரியரை நெம்பி வெளியே எடுத்தார். இப்போது உள்ளே பினியனின் தலை தெரிந்தது. ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். டார்ச் அடித்து, பெட்ரோல் தொட்ட பிரஷால் அந்த வட்டத்தைத் துடைத்தார்.

ஊசியால் கீறியதுபோல மெல்லிய எழுத்து. குத்திய எண்போல ஆழமில்லை, சாய்த்துப் பார்த்தால்தான் வெளிச்சத்தில் தெரிகிறது. அட்டையில் எழுதியிருந்த அதே மூன்று இலக்கம். அதன் கீழே ஒரு கூட்டல் குறியும் 2-ம்.

இந்த இரண்டையும் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கிரவுனையும் பினியனையும் தொழிற்சாலையில் ஜோடியாக வைத்துத்தான் ஓட்டிப் பதமாக்குவார்கள். ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகிய பற்கள் அவை. அந்த ஜோடிக்கு ஒரே எண்ணை இரண்டிலும் போடுவார்கள். 39 பல்லுக்கு 8 பல் சரியாகத்தானே இருக்கிறது என்று வேறொரு ஜோடியின் பினியனைப் போட்டால், ஓடும், ஆனால் ஊளையிடும். கூட்டல் 2 என்பது அந்தப் பினியன் உட்காரவேண்டிய ஆழம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற குறிப்பு. கணக்கு தவ்வில், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில். பழைய பினியனில் ஒரு எண்ணும் புதியதில் வேறு எண்ணும் இருந்தால், அந்த வித்தியாசத்துக்குத் தக்கபடி ஷிம்மை, அதாவது அடியில் கொடுக்கும் மெல்லிய தகட்டு வளையத்தை, கூட்டவோ குறைக்கவோ வேண்டும். தலைமுடி கனத்துக்கும் குறைவான கணக்கு.

பாய் ஷிம்களைப் பார்த்தார். கிழிசல் இல்லை, மடிப்பு இல்லை, ஒட்டுப்போட்ட தகரத் துண்டு இல்லை. பற்களின் மேல் தேய்மானம் நடுவயிற்றில், ஒரே சீராக, ஒவ்வொரு பல்லிலும் ஒரே உயரத்தில் ஓடியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பி, இத மாட்டுனவன் பெரிய வேலக்காரன். ஜோடியா வாங்கி, பினியன் நம்பரப் படிச்சு, ஷிம் கணக்குப் போட்டு மாட்டிருக்கான். இந்த மாதிரி நான் மாட்டுனா எனக்கே சந்தோஷமா இருக்கும்."

அப்படியென்றால் ஏன் முன்பக்கத்தை விட்டுவிட்டான்? வண்டியை விற்றவருக்குப் போன் போட்டேன். அவருக்குத் தெரியவில்லை, அவருக்கு விற்றவரின் நம்பரைக் கொடுத்தார். அந்தப் பெரியவர் நான் முடிக்கும் முன்னமே சிரித்தார். முதலில் மலையில் ஓடிய வண்டி, தான் வாங்கியபின் கீழே கொண்டுவந்து போடிக்கும் மதுரைக்கும் வாடகைக்கு ஓட்டியதாகச் சொன்னார். ஐந்து முப்பத்தெட்டு ரோட்டில் கத்தும். 55 கிலோமீட்டர் வேகத்தில் இஞ்சின் படும் பாட்டை 4.88-ல் 60-ஐத் தாண்டித்தான் படும். அதனால் பின்னால் மட்டும் மாற்றினார்கள். "ஃபோர் வீல் நமக்கெதுக்குய்யா, மதுரைக்குப் போற வண்டிக்கு? யாரும் தெரியாமப் போட்டுறக் கூடாதுன்னு முன் ஷாஃப்டக் கழட்டிச் சாக்குல கட்டிக் குடுத்துட்டேன்ல."

சாக்கில் கட்டிய அந்த ஷாஃப்ட் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. கட்டிக்கொடுத்த காரணம் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. புது கிராஸ் போட்டு அதை மாட்டச் சொன்னவன் நான். இரண்டு மாதமாக நான் தேடிய தப்பு, என் சொல்லில்தான் நடந்திருக்கிறது. கழற்றி வைத்தது எல்லாம் உடைந்ததால்தான் கழற்றியது என்று நான் ஏன் நினைத்தேன் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

எழும்பியது, குத்தியது, கீறியது

அந்த ஒரு ஹவுசிங்கிலேயே நான் மூன்று விதமான எண்களைப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் எந்தப் பழைய ஆக்சிலைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது எண்ணைவிட, எண் போட்ட விதம்தான். எழும்பி நிற்கும் எண் வார்ப்பு அச்சிலிருந்து வந்தது. இரும்பு உருகி ஊற்றப்பட்ட அன்றைக்கே பிறந்தது. அதற்கு அந்தக் கூடு என்ன என்பது மட்டும்தான் தெரியும். உள்ளே குழிந்த எண் அப்புறம் குத்தியது. ஆக்சில் பூட்டி முடித்த பிறகு, இந்த வண்டிக்கு இந்த உருப்படி என்று தீர்மானித்த பிறகு. டானாவில் நீளப் பக்கத்துக் குழாயில் குத்தியிருக்கும் உருப்படி எண் அந்த வகை. அதைப் பட்டியலில் தேடினால், தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியும். பல்லின் விளிம்பிலும் பினியன் தலையிலும் இருப்பதுதான் இன்றைக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று சொல்லும். இந்த மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை இல்லை. ஒரே வண்டியில் சேர்ந்து இருப்பதால் மூன்றும் ஒரே கதையைச் சொல்லும் என்று நாமே எடுத்துக்கொள்கிறோம்.

இது ஜீப்புக்கு மட்டுமான விஷயமில்லை. கிரைஸ்லர் வண்டிகளில் வந்த எட்டே முக்கால் அங்குல ஆக்சிலுக்கு அமெரிக்காவில் இன்றும் கிராக்கி. அதன் வார்ப்பு எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள்: 741, 742, 489. அது பினியன் தண்டின் கனத்தைச் சொல்லும், 741-ல் 1⅜ அங்குலம், 742-ல் 1¾. விகிதத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் எண்ணைச் சொல்லிவிட்டால் ஆக்சிலையே சொல்லிவிட்டதாக நினைத்து விலை பேசுகிறார்கள். ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்சிலில் ஒரு அழகான பழக்கம் உண்டு. போல்ட்டின் கீழே தொங்கும் தகட்டில் 3.50 என்ற விகிதத்தைப் புள்ளி இல்லாமல் எழுதுவார்கள். சறுக்கல் தடுக்கும் டிஃபரன்சியல் உள்ளே இருந்தால் அந்தப் புள்ளியின் இடத்தில் எல் என்ற எழுத்து உட்காரும். ஒரே எழுத்தில் இவ்வளவு சொல்வதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதுவும் போல்ட்டில் தொங்கும் தகடுதான்.

நம் சென்னைக்குப் பக்கத்தில் வரும் கதை ஒன்றும் உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் இங்கே தயாரானது, அசல் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும் அதன் பின்பக்கம் நம் ஊர்க்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1972-ல் வந்த கெஸலில் அதை எடுத்துவிட்டு ஒரே தண்டான ஆக்சிலைப் போட்டுவிட்டார்கள். டிரையம்பில் டிஃபரன்சியல் கூட்டின் விளிம்பில் எண்ணுக்கு முன்னால் எழுத்து குத்தியிருக்கும். ஜிஏ என்றால் ஹெரால்டு 1200, எஃப்டி என்றால் ஸ்பிட்ஃபயர் மூன்றாம் மார்க், எஃப்ஹெச் என்றால் அதற்கப்புறம் வந்த ஸ்பிட்ஃபயர். அந்த எஃப்ஹெச்சுக்குள்ளேயே 35-க்கு 9-ம் இருக்கும், 29-க்கு 8-ம் இருக்கும். எழுத்து எந்த வண்டியிலிருந்து வந்தது என்று சொல்லும், பல்லை எண்ணித்தான் ஆகவேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஹவுசிங்கை பெயின்ட் அடிக்கும் முன் கிரைண்டரை வைக்காதீர்கள். பளபளவென்று வரவேண்டும் என்று குழாய் முழுவதும் டிஸ்க் போட்டு, குத்திய எண்ணைத் தடமில்லாமல் அழித்த ஹவுசிங்குகளை நிறையப் பார்த்துவிட்டேன். துரு சுரண்ட வயர் பிரஷ் போதும். எண் இருக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மேலே கிரீஸ் தடவி, மற்ற இடத்துக்குப் பெயின்ட் அடியுங்கள். படிக்க முடியவில்லை என்றால் போட்டோவில் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து போடுங்கள். அப்படியும் வராவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேயுங்கள். குத்திய ஆள் எழுத்தை ஒரு தடவைதான் குத்துவான்.

தை பிறப்பதற்குள்

இரண்டு வழி இருந்தது. முன்பக்கத்தையும் 39-8 ஆக்கி ரோட்டு வண்டியாக வைத்துக்கொள்வது, அல்லது பின்பக்கத்தைத் திரும்ப 43-8 ஆக்கி மலைக்கு அனுப்புவது. எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. 43-8 ஜோடி கிடைக்க மூன்று வாரம் ஆனது. முதலில் வந்த ஜோடியில் கிரவுனில் ஒரு எண், பினியனில் வேறு எண். பாய் தொடக்கூட இல்லை, அப்படியே திருப்பி அனுப்பினார். இரண்டாவது ஜோடியில் இரண்டும் ஒன்று, பினியன் தலையில் கழித்தல் 1. பழையது கூட்டல் 2. வித்தியாசம் மூன்று தவ். ஷிம்மை மைக்ரோமீட்டரில் அளந்து, பல்லில் மஞ்சள் பெயின்ட் தடவி, உருட்டிப் பார்த்து, திரும்பக் கழற்றி, திரும்ப மாட்டி, டயல் வைத்து பற்களுக்கு நடுவே விடும் இடைவெளியான பேக்லாஷ் ஆறு தவ்வில் நின்றபோது மாலைத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. இரண்டு நாள் வேலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி எடுத்துக்கொடுத்தேன்.

கவரை மூடும்போது பழைய தகட்டை எடுத்தார். இப்போது அதில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான். அதே போல்ட்டில் மாட்டினார். கூடவே ஒரு அலுமினியத் துண்டை வெட்டி, 43 8 என்றும் கீழே மாசமும் வருஷமும் தன் கையாலேயே குத்தி, பழைய தகட்டுக்குப் பின்னால் சேர்த்துப் போட்டார். மலையில் அதே கருங்கல் மேட்டில் ஃபோர் வீல் போட்டுப் பார்த்தேன். நேராக ஏறினேன். மேலே போய் லீவரை இரண்டு விரலால் இழுத்தேன், வந்தது.

கழற்றிய 39-8 ஜோடியைக் கிரீஸ் பூசி, சிமென்ட் சாக்குத் தாளில் சுற்றி, கடைப் பரணில் வைத்திருந்தார் பாய். மாசி மாதம் ஆயில் மாற்றப் போயிருந்தபோது உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பையன் வந்திருந்தான், இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும். ரோட்டில் ஓட்டும் ஜீப், பின்னால் மட்டும் மாற்றவேண்டும் என்றான். பாய் பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தார். பையன் கிரவுனைத் தூக்கிப் பார்க்கவில்லை, விலையும் கேட்கவில்லை. பினியனை எடுத்துத் தலையைத் தன் சட்டையில் துடைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தான்.

"அண்ணே, அதுல என்ன நம்பர் இருக்கு, வாசிங்க" என்றான் என்னிடம். நான் கிரவுனைத் திருப்பி வாசித்தேன்.

"முன் ஷாஃப்ட்?" என்று பாய் கேட்டார்.

"கழட்டியாச்சு பாய். ஏன் கழட்டுனேன்னு ஆர்சி புக்குக்குள்ள எழுதி வச்சுருக்கேன்."